"வேளை தவறாமல் சாப்பிடுகிறேன் சிஸ்டர்"

5 மார்ச் 2024, செவ்வாய்

தொற்றா நோய்ப் பிரிவில் இன்று நல்ல கூட்டம். களையெடுக்கும் வேலைக்குப் போகும் ஓர் அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 278. "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டார். "வேளை தவறாமல் சாப்பிடுகிறேன்" என்றார் அவர், மேசையைப் பார்த்தபடி. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை 1 மில்லிகிராமிலிருந்து 2 ஆனது. எனக்கு மனம் ஒப்பவில்லை. சர்க்கரை கூடியதற்காக ஒருமுறை திட்டு வாங்கியவர்கள் அடுத்த முறை உண்மையைச் சொல்வதில்லை.

7 மார்ச், வியாழன்

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத் தன்னார்வலருடன் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். 2021இல் இத்திட்டம் வந்தபிறகு மாத்திரை வீட்டுக்கே போகிறது. வயிற்றுக்குள் போகிறதா என்பது வேறு கேள்வி. மாத்திரைப் பையைக் கொண்டுவந்து கொட்டினார். இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் அட்டைகள் காலி. கிளிமிபிரைடு அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"எது ஒத்துக்கொள்ளவில்லை அம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"அந்தச் சின்ன மாத்திரையைப் போட்டால் வயலில் கை நடுங்குகிறது சிஸ்டர். வேர்த்துக் கொட்டிக் கண் இருட்டுகிறது. சொன்னால் டாக்டரம்மா கோபித்துக்கொள்வார்களே!"

விடிவதற்குள் டீயைக் குடித்துவிட்டு, மாத்திரையையும் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர். சோறு பதினொரு மணிக்குத்தான். சர்க்கரை தாழாமல் என்ன செய்யும்? செவ்வாய்க்கிழமை எழுதிய 2 மில்லிகிராமைச் சொன்னபடி விழுங்கியிருந்தால் வரப்பிலேயே விழுந்திருப்பார். நினைக்கவே பதறுகிறது.

12 மார்ச், செவ்வாய்

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கிளிமிபிரைடை நிறுத்தி, மெட்ஃபார்மினைக் கூட்டி, சாப்பாட்டுக்குப் பின் இரு வேளை என்று எழுதினார். மெட்ஃபார்மின் மட்டும் தனியாகச் சர்க்கரையை இப்படித் தாழ்த்துவது அரிது.

டாக்டர் கேள்வியையும் மாற்றிவிட்டார். "வாரத்தில் எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போகிறது?" விட்டுப்போவது சகஜம் என்று டாக்டரே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கிறது. எதிரில் இருப்பவர்கள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்!

9 ஏப்ரல், செவ்வாய்

அந்த அம்மாவுக்கு இன்று 184. இன்னும் இறங்க வேண்டும். நடுக்கம் இல்லை என்றார். எழுந்து போகப்போனவர் தானாகவே திரும்பி உட்கார்ந்தார்.

"இன்னொன்று சிஸ்டர். நடக்கும்போது செருப்பு கழன்று போவதே தெரிவதில்லை."

கண்ணை மூடச்சொல்லி, பாதத்தில் நைலான் இழையை வைத்து டாக்டர் அழுத்திப் பார்த்தார். வலது பாதத்தில் இரண்டு இடங்களில் உணர்வில்லை. புண் ஏதும் இல்லை, நல்லவேளை. பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கான எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைப் பார்க்கும்படி அவருடைய மருமகளிடமும் சொல்லியாயிற்று.