கமிஷனுக்கு அடியில் ஒரு சம்பளம்

என் அக்கா மகன் வணிகவியல் பட்டம் முடித்துவிட்டு, இரண்டு வாய்ப்புகளுக்கு நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறான். ஒன்று, கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் மாதம் 20,000 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை. மற்றொன்று ஆயுள் காப்பீட்டு முகவர் பணி. அதில் சம்பளம் என்று எதுவும் கிடையாது, பிடித்துத் தரும் பாலிசிகளுக்கு உரிய கமிஷன் மட்டும்தான். அவன் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. "மாமா, தாத்தா இந்த வேலையைப் பார்த்துத்தானே வீடு கட்டினார்?" என்று கேட்கிறான். அந்தத் தாத்தா என் அப்பா. அவர் முகவராக உழைத்த காலம் முழுவதையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், இப்போதைக்கு அவன் நூற்பாலை வேலையையே ஏற்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அதற்கான காரணங்களை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் சம்பளக் கணக்கு. அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால், வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதமாக 1,800 ரூபாயும், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈஎஸ்ஐக்கு மொத்த ஊதியத்தில் 0.75 சதவீதமாக 150 ரூபாயும் பிடிக்கப்பட்டு, கைக்கு ஏறத்தாழ 18,000 ரூபாய் வரும். இளைஞர்கள் இந்தப் பதினெட்டாயிரத்தை மட்டும் பார்த்துவிட்டு முகம் சுளிக்கிறார்கள். ஆனால் முதலாளி தன் பங்காக வைப்பு நிதிக்கும் ஓய்வூதியக் கணக்குக்கும் சேர்த்து இன்னொரு 1,800 ரூபாயும், ஈஎஸ்ஐக்கு 3.25 சதவீதமாக 650 ரூபாயும் செலுத்துகிறார். ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றினால், வேலையை விடும்போது மொத்தமாகக் கிடைக்கும் பணிக்கொடைக்கும் உரிமை உண்டு. அக்காவுக்கு வரும் முழங்கால் வலிக்கும், அத்தானின் சர்க்கரை நோய்க்கும், அவர்கள் அவனைச் சார்ந்தவர்களாகப் பதிவு பெற்றால், ஈஎஸ்ஐ மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்கும். முகவர் பணியில் இவை அனைத்தையும் கமிஷனிலிருந்து அவனே தேடிக்கொள்ள வேண்டும். பெட்ரோலும் செல்பேசிச் செலவும் வேறு.

இனிக் கமிஷன் கணக்குக்கு வருவோம். விகிதம் திட்டத்துக்குத் திட்டம் மாறும். அதோடு, பாலிசியைப் பாதியில் விடுபவருக்குக் கூடுதல் தொகை திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, கமிஷன் அமைப்புகளும் மாற்றம் கண்டன. எனவே கணக்குக்காக மட்டும், முதலாண்டில் பிரீமியத்தில் 25 சதவீதம், அடுத்த ஆண்டில் 7.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24,000 ரூபாய் பிரீமியம் கட்டும் ஒரு பாலிசிக்கு முதலாண்டில் 6,000 ரூபாய் கிடைக்கும். மாதம் நான்கு பாலிசி பிடித்தால் 24,000 ரூபாய்; நூற்பாலைச் சம்பளத்தைவிட அதிகம்தான். ஆனால் ஆண்டுக்கு 48 குடும்பங்கள் வேண்டும். மறு ஆண்டு அந்த 48 பேரும் தவறாமல் கட்டினால் ஒரு பாலிசிக்கு 1,800 வீதம் 86,400 ரூபாய், அதாவது மாதம் 7,200 ரூபாய் வரும். வீட்டை நடத்த அது போதாது என்பதால், இன்னொரு 48 குடும்பங்களைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் 48 பேர் யார் என்பது எல்லா முகவர்களுக்கும் தெரியும். சித்தப்பா, பெரியம்மா, கல்லூரி நண்பர்கள், எதிர்வீட்டுக்காரர், பால்காரர். இவர்கள் அவன் மீதுள்ள பாசத்தால் கையெழுத்துப் போடுவார்கள். அந்தப் பாசம் மூன்றாவது பிரீமியம் வரை தாங்குவதில்லை. பிரீமியம் கட்டாமல் பாலிசி லேப்ஸ் ஆகிவிடும், கட்டிய பணத்தில் கணிசமான பகுதி போய்விடும், அதன்பின் கல்யாண வீட்டில் சந்திக்கும்போது பேச்சு இறுகிப்போகும். புதிய முகவர்களைச் சேர்க்கும் கூட்டங்களில் "உங்களுக்குத் தெரிந்த நூறு பேரின் பெயரை எழுதுங்கள்" என்று தாளைக் கொடுக்கும்போது, எழுதுபவன் தன் உறவுகளையே மூலதனமாகப் போடுகிறான் என்பதை யாரும் சொல்வதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் விஷயம்.

முன்பு ஜனவரி முதல் மார்ச் வரை வருமான வரிச் சலுகைக்காகவே மக்கள் தாமாக முகவரைத் தேடி வந்தார்கள். 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரி முறையே இயல்பான தேர்வாகிவிட்டது; அதில் பிரீமியத்துக்கு வரிவிலக்கு தந்த பழைய 80சி பிரிவின் சலுகை கிடையாது. ஆகவே அந்த மார்ச் மாத வணிகத்தை நம்பி இனி ஒருவர் இந்தத் தொழிலுக்குள் வர முடியாது.

இன்னொரு நடைமுறையும் உண்டு. வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காக முதல் பிரீமியத்தின் ஒரு பகுதியை முகவரே தன் கமிஷனிலிருந்து கட்டுவது ஊரெங்கும் வழக்கமாக இருக்கிறது. காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இதைத் தடை செய்கிறது. மீறினால் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சட்டத்தை மதித்து நடக்கும் புதியவன், அப்படி விட்டுக்கொடுப்பவரோடு போட்டியிட்டு வெல்வது கடினம். விட்டுக்கொடுத்தாலோ, மேலே சொன்ன 6,000 ரூபாய் அவன் கையில் தங்காது.

அப்படியானால் அப்பா எப்படி வீடு கட்டினார்? அவர் நேர்மையாகவும் நன்றாகவும் உழைத்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கா மகன் பார்க்காத ஒன்று உண்டு. அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. அரிசியும் மளிகையும் எங்கள் பள்ளிக் கட்டணமும் மாதக் கடைசியில் வரும் அவருடைய சம்பளத்தில் நடந்தன. ஆகவே பாலிசி கிடைக்காத மாதங்களில் அப்பா பதறியதில்லை. தேவையில்லாதவர் தலையில் ஒரு திட்டத்தைக் கட்ட வேண்டிய நெருக்கடி அவருக்கு ஏற்பட்டதில்லை. ஒருவருடைய வருமானத்தைக் கேட்டுவிட்டு, "இப்போது வேண்டாம், கடனை அடைத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லி அவர் திரும்பி வந்த வீடுகள் உண்டு. அன்று மாலை அடுப்பெரிவது அந்தக் கையெழுத்தை நம்பியிருந்தால், எவ்வளவு நல்ல மனிதரும் அப்படிச் சொல்லத் தயங்குவார்.

அவருடைய வாடிக்கையாளர்களில் நிலைத்து நின்றவர்களும் மாதச் சம்பளக்காரர்களே. ஆசிரியர்களுக்குச் சம்பளச் சேமிப்புத் திட்டத்தில் பிரீமியம் சம்பளத்திலேயே பிடித்தமாகிவிடும்; அந்தப் பாலிசிகள் முதிர்வு வரை ஓடின, புதுப்பிப்புக் கமிஷனும் ஆண்டுதோறும் வந்தது. சிறு வணிகர்களும் தீப்பெட்டித் தொழிலில் இருந்தவர்களும் நல்ல ஆண்டில் பெரிய பாலிசி எடுத்து, மந்தமான ஆண்டில் விட்டுவிட்டார்கள். இந்த ஏற்றத்தாழ்வு அவர்கள் குற்றமன்று. அவர்கள் தொழில் அப்படி.

இந்தப் பணியின் மேன்மையையும் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டில் சம்பாதிக்கும் மனிதர் இறந்துவிட்டால், இறப்புச் சான்றிதழ் வாங்குவதிலிருந்து கிளெய்ம் படிவம் நிரப்பி வங்கிக் கணக்கில் பணம் வந்து சேரும் வரை அப்பா அலைவார். அதற்கென்று தனிக் கமிஷன் கிடையாது. ஆயினும் பணம் வந்து சேர்ந்த அந்தத் தெருவில், அடுத்த பாலிசிக்காக அவர் யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்ட பெயரை ஈட்டப் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளுக்கான சோற்றை யாராவது கொடுத்தாக வேண்டும். அக்கா வீட்டில் அத்தான் ஓய்வு பெற்றுவிட்டார். அவன் தங்கையின் படிப்புக் கடன் நிற்கிறது. அங்கே அம்மாவின் இடத்தில் இருந்து தாங்குவதற்கு ஒருவருமில்லை.

வங்கிக் கடன் விஷயத்தில் வேறுபாடு எளிமையானது: சம்பளக்காரரிடம் சில மாதச் சம்பளச் சீட்டும், முதலாளி தரும் வரிப் பிடித்தச் சான்றிதழும் கேட்பார்கள், கமிஷன்காரரிடம் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்பார்கள்.

விற்பனையில் அவனுக்கு உண்மையான ஈடுபாடு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பேச்சுத் திறமையும் பொறுமையும் உள்ளவன். கணக்குப் பிரிவிலேயே காலம் முழுவதும் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவும் மாட்டேன். நூற்பாலையில் சேர்ந்து, ஆறு மாத வீட்டுச் செலவை வங்கியில் ஒதுக்கிய பிறகு, 25 மணி நேரப் பயிற்சியை முடித்து, முகவராவதற்கான ஐசி-38 தேர்வை எழுதி, ஞாயிற்றுக்கிழமைகளில் முகவர் பணியைத் தொடங்கலாம். அதற்கு முன் பணி நியமனக் கடிதத்தை முழுதாகப் படித்து, வேறு வருமானம் ஈட்டுவதற்குத் தடை ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட வேண்டும். உறவினர்களை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத பத்துப் பேரிடம் முதலில் பேசிப் பார்க்கட்டும். அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுப் பிரீமியத்தைத் தாமாகவே கட்டுகிறார்கள் என்று பார்த்த பிறகு, நூற்பாலை வேலையை விடுவது பற்றி நாங்கள் இருவரும் மறுபடியும் உட்கார்ந்து பேசலாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.