அப்பாவின் டூ ஸ்ட்ரோக் பைக்கைப் பிரித்த மாதம்

பதினெட்டு வருடமாக ஓடாமல் நின்றிருந்த அப்பாவின் பைக்கை இந்த மாதம் பிரித்துவிட்டேன். ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பாயின்ட் (திறக்கும்போது பிளக்கில் பொறி விழவைக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய இக்னிஷன். நாங்கள் நாலு பேரும் போய்வந்த வண்டி இது. நான் டேங்க் மேல் உட்கார்ந்து வருவேன். பதினாலு வயதில் ஸ்பேனர் பிடிக்கப் பழகியதும் இதில்தான்.

முதலில் கிக்கர் அசையவே இல்லை. பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி நாலு நாள் விட்டேன். அப்புறம் டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினேன். ஐந்தாம் நாள் களுக்கென்று விட்டுக்கொடுத்தது. கிக்கரை ஓங்கி மிதித்திருந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கோ கிக்கர் பல்லோ போயிருக்கும்.

ஹெட்டைத் திறந்ததும் எரிந்த ஆயில் வாசனை. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்தே எரிவதால் கரி படியத்தான் செய்யும். புகை வெளியேறும் போர்ட்டில் (சிலிண்டர் சுவரில் உள்ள துளை) கால்வாசி அடைபட்டிருந்தது. பிஸ்டன் தலையைத் துடைத்தபோது ஒரு நீளக் கீறல் தெரிந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, நான் போட்டதுதான். பைக் வேலை பழகிய அந்த வயதில் ஒருநாள் ஸ்க்ரூடிரைவரால் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அப்பா திட்டவில்லை. அதைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, ஒரு மரக்குச்சியைச் சீவிக் கொடுத்தார். "அலுமினியம்டா, மெத்துன்னு இருக்கும்" என்றார். கீறலை விரலால் தடவியபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிஸ்டன் அளவு சரியாகவே இருந்தது, அதனால் அதையே வைத்துக்கொண்டேன். அளவு தவறியிருந்தாலும் தூக்கி எறிந்திருக்க மாட்டேன்.

ரிங் மட்டும் தேய்ந்திருந்தது. சிலிண்டருக்குள் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பார்த்தால் இரு முனைகளுக்கும் நடுவே 0.7 மி.மீ. புது ரிங்கில் 0.25. மாட்டும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: டூ ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங் பள்ளத்துக்குள் சின்ன ஊசி ஒன்று இருக்கும். ரிங் முனைகள் அதன் இருபுறமும் உட்கார வேண்டும். இல்லையென்றால் ரிங் சுற்றி, முனை போர்ட்டில் மாட்டி உடையும்.

கார்புரேட்டரில் பைலட் ஜெட், அதாவது ஐடிலில் பெட்ரோல் போகும் சின்னத் துளை, அடைத்திருந்தது. சுத்தம் செய்தேன்.

டைமிங் வைக்க, அதாவது பொறி சரியான நேரத்தில் விழும்படி அமைக்க, அப்பாவைக் கூப்பிட்டேன். பாயின்ட் இடைவெளியை முதலில் 0.4 மி.மீ. வைக்க வேண்டும், இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறிவிடும் என்பதால் இந்த வரிசை முக்கியம். பிறகு பாயின்ட்டுக்கு நடுவே மெல்லிய காகிதத்தை வைத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு மேக்னெட்டை (எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் காந்தச் சக்கரம்) சுற்ற வேண்டும். காகிதம் நழுவும் இடம்தான் பாயின்ட் திறக்கும் இடம், பொறி விழும் இடமும் அதுவே. அப்போதெல்லாம் மேக்னெட்டைச் சுற்றுவது என் வேலை, காகிதம் பிடிப்பது அப்பா. இப்போது அவர் விரல் நடுங்குகிறது. அதனால் காகிதத்தை நான் பிடித்தேன், அவர் சுற்றினார். "நிறுத்து" என்று நான் சொல்லும் முன்பே சரியான இடத்தில் கையை நிறுத்தினார்.

லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து ஊற்றி, சோக்கை இழுத்து மிதித்தேன். ஏழாவது கிக்கில் பிடித்தது. நீலப்புகைக்கு நடுவே அம்மா வாசலுக்கு வந்து நின்றார்.

சூடானதும் ஒரு குறை தெரிந்தது. ஆக்சிலேட்டரை விட்டபிறகும் வேகம் உடனே இறங்கவில்லை, ஐடிலில் தானாகவே ஏறியது. கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகப் போனேன். நாற்காலியில் இருந்தபடியே அப்பா சொன்னார்: "அதைத் தொடாத. மேக்னெட் பக்கம் சீல் காத்து இழுக்குது."

சுழலும் தண்டைச் சுற்றி காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்தான் சீல். உடனே எஞ்சினை நிறுத்தினேன். காற்று கூடி, பெட்ரோலும் ஆயிலும் குறைந்த கலவையில் ஓட்டினால் புது ரிங் பாழாகும். மேக்னெட்டைக் கழற்றிப் பார்த்தேன். சீல் கட்டை போல் இறுகி, அதன் ஓரத்தில் மெல்லிய விரிசல். புது சீல் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மாட்டப் போகிறோம்.