வெயில் எல்லாருக்கும் ஒன்றா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காலை ஒன்பதுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பருவநிலை மாற்றத்தில் சமூகவியலுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். பதில் சிகாகோவில் இருக்கிறது. 1995 ஜூலையில் அங்கே வெப்ப அலை. 700 பேருக்கு மேல் இறந்தார்கள். சமூகவியலாளர் எரிக் கிளினென்பர்க் அங்கே அடுத்தடுத்து இருந்த இரண்டு ஏழை வட்டாரங்களை ஒப்பிட்டார். கடைகண்ணி, ஆள் நடமாட்டம் இருந்த பக்கம் சாவு குறைவு. வெறிச்சோடிப்போன பக்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே கிடந்த முதியவர்கள்தான் அதிகம் போனார்கள்.

இங்கே தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பாட்டி வாசலுக்கு வரவில்லையென்றால் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிடுவார். அந்தத் தோட்டம் இல்லாமல் போய், நாலாவது மாடி மலிவு வீட்டில் ஒற்றைக் காற்றாடியோடு இருக்கும் பாட்டியை யார் பார்ப்பது? (லிப்ட் பற்றிக் கேட்காதீர்கள்.) குடியிருப்பாளர் கூட்டத்தில் சாயம் அடிப்பதைப் பற்றியே பேசுகிறோம். அப்புறம், தனியாக இருப்பவர்கள் பட்டியலும் ஒன்று போடலாமே!