உட்காரத்தான் செய்தது, ஆனால்...

பழைய அலாய் ரிம் வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு வெர்னியர் காலிப்பர் (ஓட்டையின் விட்டத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி) கொண்டுபோங்கள். நான் வெறும் கையோடு போய் மூன்று சனிக்கிழமைகளைத் தொலைத்தேன்.

என் வண்டி ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. கூடவே வந்தது 165/80 ஆர்14 டயரும் இரும்பு ரிம்மும். நாலு டயரும் மொட்டையானதும், மாற்றுவதுதான் மாற்றுகிறோம், 15 அங்குல அலாய்க்கே போய்விடலாம் என்று ஆசை. கணக்கு வீட்டிலேயே போட்டேன். 165 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில்; பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132. மேலும் கீழும் 264. ரிம்மின் 14 அங்குலம் 355.6. ஆக மொத்த உயரம் 619.6 மி.மீ. ஸ்விஃப்டின் உயர் மாடலில் வரும் 185/65 ஆர்15-க்கு 621.5. வித்தியாசம் இரண்டே மி.மீ. பழைய ஸ்டெப்னியைக்கூட மாற்ற வேண்டாம்.

முதலில் போன டயர் கடையில், "எதுக்கு சார் செலவு, பழைய ரிம்லயே 185/65 ஆர்14 போட்டுடலாம், கிரிப் அள்ளும்" என்றார்கள். அதன் உயரம் 596 மி.மீ. வண்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். எங்கள் தெரு வேகத்தடை ஏற்கெனவே அடியைத் தடவிப் பார்க்கிறது.

டயர் கணக்கில் தப்பினேன், ரிம்மில் கோட்டை விட்டேன். சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு பழைய பாகக் கடையில் ஹோண்டா சிட்டியிலிருந்து கழற்றிய 15 அங்குல அலாய் கிடைத்தது. "நாலு போல்ட், 100 பி.சி.டி., ஸ்விஃப்டுக்கு அப்படியே உக்காரும்" என்றார் கடைக்காரர். பி.சி.டி. என்பது போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மி.மீ. கணக்கில். உட்காரத்தான் செய்தது. 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கியது. வீல் பேலன்சிங் இரண்டு முறை, அலைன்மெண்ட் ஒரு முறை. காசு போனதுதான் மிச்சம். டயர்தான் கோளாறு என்று புது டயர்மேல் பழியைப் போட்டார்கள்.

கடைசியில் ஒரு வயதான மெக்கானிக், ஒரு சக்கரத்தைக் கழற்றிவிட்டு, "தம்பி, நடு ஓட்டையை அளந்தியா?" என்றார். ஸ்விஃப்டின் ஹப் (ரிம்மின் நடு ஓட்டைக்குள் நுழையும் குமிழ்) 54.1 மி.மீ., அந்த ரிம்மின் ஓட்டை 56.1. நடுவில் பிடிமானமே இல்லை. அதற்கு வளையம் போடலாம். அதைவிடப் பெரிய வம்பு நட்டில். சிட்டி ரிம்மில் நட்டு உட்காரும் குழி கிண்ணம் போல உருண்டை. ஸ்விஃப்ட் நட்டோ கூம்பு. கிண்ணத்தில் கூம்பு ஒரு கோட்டளவுதான் தொடும், ஓட ஓடத் தளரும். சரி, ஹோண்டா நட்டையே போடலாமே என்றால் மரையின் இடைவெளி வேறு: ஸ்விஃப்டுக்கு 1.25 மி.மீ., ஹோண்டாவுக்கு 1.5. கேட்டதும் வயிறு கலங்கியது. இந்த ரிம்மோடுதான் குழந்தைகளைப் பள்ளியில் விட்டு வந்திருக்கிறேன்.

திருப்பிக் கொடுக்கப் போனால், "டயர் ஏத்துன ரிம்மை எடுக்க மாட்டோம்" என்றார் அதே கடைக்காரர். ஒரு மணி நேரம் வாதாடி, இரண்டாயிரம் பிடித்துக்கொண்டு எடுத்தார். அதற்குள் இன்னொரு கடையில் ஸ்விஃப்டுக்கே உரிய அலாய் பார்த்து வைத்திருந்தேன். இந்த முறை காலிப்பர் கையில்: 54.1. கூம்புக் குழி. விரலால் தடவி விளிம்பில் விரிசல், வெல்டிங் இருக்கிறதா என்றும் பார்த்தேன். மாட்டி ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கச் சொன்னார் மெக்கானிக், செய்தேன்.

நேற்று செங்கல்பட்டு வரை போய் வந்தோம். 90-இல் ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் பிடித்துக் காட்டினேன். பக்கத்து சீட்டிலிருந்து நல்ல திட்டு விழுந்தது.