பெரம்பூர்ல எங்க தெருக்காரங்களோட சேர்ந்து ஆன்லைன்ல புகார் போட்ட அனுபவம்

மழை சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தெருவுல இருக்கற பிரச்சனை எல்லாத்தையும் முறையா புகாரா பதிவு பண்ணிடணும்னு எங்க தெருவுல சில பேர் சேர்ந்து இறங்கினோம். மாநகராட்சியோட புகார் ஆப் எப்படி யூஸ் பண்றதுன்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கற பொறுப்பு என்கிட்ட வந்துச்சு. அதுல பார்த்ததை எழுதறேன், சென்னைக்குள்ள எந்த ஏரியாவா இருந்தாலும் பெரும்பாலும் இதே நடைமுறை தான்.

யார்கிட்ட புகார் போடணும்ங்கற இடத்துலயே பாதி பேர் நின்னுடறாங்க. தெரு விளக்கு எரியலன்னா கரண்ட் விஷயம் தானேன்னு ஈபிக்கு போன் பண்றாங்க, ஆனா இங்க தெரு விளக்கு மாநகராட்சி பார்க்கறது, தெருவோரத்துல இருக்கற பில்லர் பாக்ஸ்ங்கற கரண்ட் பெட்டி கதவு திறந்து கிடந்தாலோ ஒயர் தொங்கினாலோ தான் ஈபி, அதுக்கு அவங்களோட புகார் மையம் மின்னகம் 94987 94987. குப்பை, கொசு, தெரு நாய், உள் தெருவுல பள்ளம், மழைநீர் வடிகால் இதெல்லாம் மாநகராட்சி, நம்ம சென்னை ஆப்ல போடலாம், ஆப் ஒத்து வராதவங்க 1913க்கு போன் பண்ணலாம். குடிதண்ணியும் பாதாள சாக்கடையும் மெட்ரோ வாட்டர்ங்கற சென்னை குடிநீர் வாரியம், 1916. பஸ் போற ரோடுன்னா மாநகராட்சிலயே அதுக்கு தனி டிபார்ட்மென்ட், சில பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறை கையில இருக்கு. இத்தனையும் ஒரு சாதாரண மனுஷனுக்கு எப்படி தெரியும்? அதனால தான் பக்கத்துல உக்காந்து சொல்லித் தர ஒரு ஆள் வேணும்னு நான் நினைக்கறேன், ஆப் மட்டும் இருந்தா போதாது.

ரொம்ப குழப்பறது சாக்கடையா வடிகாலாங்கறது தான். பாதாள சாக்கடை மேன்ஹோல் பெரும்பாலும் ரோட்டுக்கு நடுவுல இருக்கும், வட்ட மூடி. மழைநீர் வடிகால் ரோட்டு ஓரத்துல ஓடும், மேல நீளமா சிமெண்ட் ஸ்லாப் போட்டு மூடியிருப்பாங்க, சில இடத்துல அது தான் நடைபாதையே. இதை கத்துக்கிட்டா புகார் ஒரு டிபார்ட்மென்ட்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தி மாத்தி போறது குறையும். ஆனா எங்க தெருவுல இருந்தது இதுக்கும் மேல. முனையில இட்லி கடை போட்டிருக்கற அக்கா தான் கவனிச்சாங்க, "மழையே பெய்யல தம்பி, ஆனா ஸ்லாப்புக்கு அடியில கருப்பா தண்ணி ஓடிட்டே இருக்கு, காலையில தான் ஜாஸ்தி"ன்னாங்க. வெயில் நாள்ல வடிகால்ல கருப்புத் தண்ணி ஓடுதுன்னா எங்கயோ சாக்கடை தண்ணி அதுல கலக்குதுன்னு அர்த்தம், காலையில ஜாஸ்தின்னா வீடுகள்ல குளிக்கற துவைக்கற நேரம். இதை மாநகராட்சி, மெட்ரோ வாட்டர் ரெண்டு இடத்துலயும் தனித்தனியா போட்டோம், ஒரு புகார்ல இன்னொரு புகார் நம்பரையும் எழுதினோம், எந்த நேரத்துல ஓடுதுன்னு அக்கா சொன்னதை அப்படியே சேர்த்தோம். அப்புறம் ஃபீல்டுல இருந்து வந்தவங்க காலையில தான் வந்து ஸ்லாபை தூக்கிப் பார்த்தாங்க. அந்த நேரம் எழுதாம விட்டிருந்தா மத்தியானம் வந்து தண்ணி கம்மியா இருக்கற வடிகாலை பார்த்துட்டு போயிருப்பாங்க.

தெரு விளக்கு விஷயத்துல கம்பத்து நம்பர் தான் எல்லாமே. கம்பத்துலயே பெயிண்ட்ல எழுதியிருக்கும், ஆனா எங்க தெருவுல அது மேல டியூஷன் நோட்டீஸ், வீடு வாடகைக்குன்னு பேப்பர் மேல பேப்பரா ஒட்டி நம்பரே தெரியல. இஸ்திரி வண்டி அண்ணன் ஒரு ஈரத்துணி கொண்டு வந்து ஊற வச்சு மெதுவா உரிச்சாரு, அடியில நம்பர் கொஞ்சம் அழிஞ்சு இருந்தாலும் படிக்க முடிஞ்சது, அதை போட்டோ எடுத்து நம்பரையும் டைப் பண்ணி போட்டோம். ஏணி வண்டி வந்தப்போ யாரையும் கேக்காம நேரா அந்த கம்பத்துகிட்டயே போய் நிறுத்தினாங்க. அந்த இருட்டுல தான் ராத்திரி வேலை முடிஞ்சு வர்ற பொண்ணுங்க எல்லாம் நடந்து வந்துட்டு இருந்தாங்க, அன்னைக்கு லைட் எரிஞ்சதை பார்த்தப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

புகாரை அவங்கவங்க போன்ல இருந்து அவங்கவங்க நம்பர்ல தான் போடணும்னு ஆரம்பத்துலயே எல்லாரும் பேசி வச்சுக்கிட்டோம். வேலைக்கு வர்றவங்க அந்த நம்பருக்கு தான் கூப்பிட்டு "எங்க சார் இருக்கு"ன்னு கேப்பாங்க, நான் ஆபீஸ்ல இருந்தா என்னால என்ன காட்ட முடியும், தெருவுலயே இருக்கற மனுஷங்க வெளிய வந்து கை காட்டிடுவாங்க. முடிஞ்சதுன்னு எஸ்எம்எஸ் வந்தாலும் அவங்களுக்கே தெரியும் உண்மையா முடிஞ்சதா இல்லையான்னு. ஆனா வயசானவங்களுக்கு ஓடிபின்னாலே பயம், பேங்க் பேரை சொல்லி ஏமாத்தற கால் எத்தனை வருது, அவங்க பயப்படறது ரொம்ப நியாயம். அதனால நான் யார் ஓடிபியும் கேக்கல, அவங்க போனை அவங்களே கையில வச்சுக்கிட்டு அவங்களே நம்பரை அடிக்கட்டும்னு பக்கத்துல உக்காந்திருந்தேன். முதல் மாடி பாட்டி ஒரு தடவை பழகினதுக்கு அப்புறம் கொசு மருந்து அடிக்க வரலன்னு தானாவே புகார் போட்டு நம்பரை டைரில எழுதி வச்சிருக்காங்க, இப்போ எதிர் வீட்டம்மாவுக்கும் அவங்க தான் சொல்லித் தர்றாங்க.

எழுதற விதத்துல ரெண்டு மூணு விஷயம் கவனிக்கணும். ஒரு புகார்ல ஒரே ஒரு பிரச்சனை, குப்பையும் லைட்டும் பள்ளமும் சேர்த்து எழுதினா ஏதாவது ஒண்ணை முடிச்சுட்டு மொத்தமா மூடிடுவாங்க. தெரு பேரோட அடையாளமா கோயிலோ ரேஷன் கடையோ ஸ்கூலோ ஏதாவது கண்டிப்பா எழுதணும், ஏன்னா இந்த ஊர்ல ஒரே பேர்ல எத்தனை தெரு இருக்கு, மாநகராட்சி 2011ல பக்கத்து நகராட்சி பஞ்சாயத்துகளை எல்லாம் சேர்த்துக்கிட்டு 200 வார்டு ஆனதுக்கு அப்புறம் அது இன்னும் கூடிப்போச்சு. போட்டோ ஒண்ணு கிட்டத்துல, இன்னொண்ணு கொஞ்சம் தள்ளி நின்னு பக்கத்து கடை போர்டு தெரியற மாதிரி. கோபம் எவ்ளோ இருந்தாலும் வரி கட்டறோமே வெக்கமா இல்லையான்னு எல்லாம் எழுத வேண்டாம்னு சொல்லுவேன், அதை படிக்கறது எங்கயோ உக்காந்து என்ட்ரி போடற ஒரு பொண்ணோ பையனோ தான், அவங்களுக்கு வேண்டியது இடமும் விவரமும்.

வேலை நடக்காமலே முடிஞ்சதுன்னு எஸ்எம்எஸ் வர்றதும் உண்டு. எங்களுக்கும் அப்படி ஒண்ணு வந்துச்சு, எந்த துறைன்னு இங்க வேண்டாம். அன்னைக்கே அதே இடத்துல அன்னைக்கு தேதி தெரியற மாதிரி போட்டோ எடுத்து, பழைய புகார் நம்பரை முதல் வரியிலயே போட்டு திரும்ப பதிவு பண்ணினோம், அதுக்கும் அசையலன்னதும் முதல்வரின் உதவி மையம் 1100ல சொன்னோம், அங்க இன்னொரு நம்பர் குடுத்தாங்க, அதுக்கு அப்புறம் தான் ஆள் வந்தாங்க. இதுவும் நடக்கலன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இந்த புகார் மேல என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு கேட்டா 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும். அந்த அளவுக்கு எங்களுக்கு போக வேண்டி வரல, ஆனா புகார் நம்பர், தேதி, போட்டோ எல்லாத்தையும் ஒரு நோட்டுல வரிசையா எழுதி வச்சிருக்கோம், என்னைக்கு தேவைப்பட்டாலும் எடுத்துக் காட்டலாம்.

வடிகால்ல சாக்கடை கலக்கற இடத்தை கண்டுபிடிச்சுட்டாங்க, கனெக்‌ஷனை மாத்தற வேலை இன்னும் பாக்கி. ரெண்டு நம்பரோட ஸ்டேட்டஸையும் இட்லி கடை அக்கா கடை கட்டினதும் போன்ல பார்த்துட்டு குரூப்ல போட்டுடறாங்க. அடுத்ததா பஸ் போற ரோட்டு பக்கம் ஸ்கூல் வாசல்ல இருக்கற பள்ளத்தை எடுக்கப் போறோம், அந்த ரோடு யார் கையில இருக்குன்னு விசாரிச்சுட்டு அந்த ஸ்கூல் பசங்களோட அம்மாக்கள் போன்ல இருந்தே போட்டுடலாம்னு பேசி வச்சிருக்கோம்.