கத்திரி வெயிலும் எங்க கொல்லையும்

2024 ஏப்ரல் 20, சனி

நேத்து ஓட்டுப் போட்டுட்டு வீடு வர்றப்ப மணி பன்னெண்டு, அனலா அடிக்குது, கொல்லைல எட்டிப் பாத்தா கத்திரிச்செடி பூராம் தலையத் தொங்கப் போட்டு நிக்குது. காலைலதான் முக்கா மணி நேரம் ஹோஸ் பிடிச்சு அடிச்சுட்டுப் போனேன். உச்சி வெயில்ல வாடுறது சகஜம், பொழுது சாஞ்சா நிமிந்துக்கிரும்னு விட்டுட்டேன். இன்னைக்கு விடியக்காலம் 5 மணிக்கும் அதே மாதிரி தொங்குது, அப்படின்னா அது நெசமான தாகம். மை வச்ச வெரல மண்ணுல குத்திப் பாத்தேன், பாதி வெரலுக்கு மேல எறங்க மாட்டேங்குது. களைக்கொத்த வச்சு நோண்டுனா ஒரு அங்குலம் ஈரம், அதுக்குக் கீழ வெறும் புழுதி, தொட்டா சுடுது. தெனம் தவறாம தண்ணி ஊத்தியும் இதுகளப் பட்டினி போட்டுருக்கேன்னு நெனச்சா மனசே ஆறல.

ஏப்ரல் 21

எவ்வளவு தண்ணி விடுறோம்னு அளந்தேன். 15 லிட்டர் வாளி ஒண்ணரை நிமிசத்துல ரொம்புது, நிமிசத்துக்கு 10 லிட்டர், அப்ப முக்கா மணி நேரத்துக்கு 450 லிட்டர்! மதுரைல எங்க ஏரியா போர்ல சித்திரை மாசம் எவ்வளவு ஊறும்னு இங்க இருக்கவங்களுக்குத் தெரியும். அதுல பாதி இலைலயும் நடைபாதைலயும்தான் போயிருக்கு. அத்தை திண்ணைல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்துட்டு, "ஏத்தா, செடிய ஏன் குளிப்பாட்டுற, குடிக்க வையி"ன்னாங்க. சாயங்காலம் ரெண்டு பேருமா ஒவ்வொரு தூருக்கும் வட்டப்பாத்தி கட்டுனோம். தென்னைக்கு மரத்தடில ஊத்துற பழக்கத்த விட்டாச்சு, சுத்தி 6 அடி வரைக்கும் வட்டம் எடுத்து உரிமட்டையக் கவுத்துப் போட்டு மூடுனோம், அது நனைஞ்சா ரொம்ப நாளைக்கு ஈரத்த வச்சிருக்கும்.

ஏப்ரல் 24

நேத்து அழகர் ஆத்துல எறங்குனாரு. துருத்தில தண்ணி பீச்சுறவங்க கூட்டத்துல நானும் நனைஞ்சேன். கொல்லைக்கு ஒரு நாள் தண்ணி விடல, பாத்தி கட்டுன செடி எதுவும் வாடல.

ஏப்ரல் 28, ஞாயிறு

செடிகளுக்கு நடுவுல பொதைச்சு தண்ணி ஊத்தி வைக்க மண்பானை வாங்க மானாமதுரை போனோம். கடத்துக்குப் பேர் போன ஊரு, ஆனா கெட்டியா இறுகிச் சுட்ட பானை நமக்கு ஆகாது, பெயிண்ட் வார்னிஷ் அடிச்சதும் ஆகாது, நல்லா கசியணும். அந்தம்மாகிட்ட வெவரத்தச் சொன்னதும் அவங்களே ஒரு பானைல தண்ணிய ஊத்தி வச்சாங்க, காபி குடிச்சுட்டு வந்து பாத்தா வெளிப்பக்கம் பூராம் முத்து முத்தா வேர்த்திருக்கு. அதே மாதிரி ஆறு வாங்கியாச்சு, ஒண்ணு 7 லிட்டர் பிடிக்கும். கழுத்து மட்டும் வெளிய தெரியுற மாதிரி பொதைச்சு சுத்தி கத்திரி, தக்காளி. மண்ணு காஞ்சா பானைலருந்து இழுத்துக்கிரும், ஈரமா இருந்தா இழுக்காது, எனக்கு அந்த விசயம்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு. வாய கண்டிப்பா மூடணும், இல்லாட்டி கொசு முட்டை வச்சிரும், நான் செரட்டைய கவுத்து வச்சிருக்கேன்.

மே 4

இன்னைக்குக் கத்திரி வெயில் ஆரம்பம். மல்லிப்பூச் செடிக்கு சொட்டு நீர் கிட் மாட்டுனோம், 20 செடி. மொட்டைமாடி டேங்க்லருந்து 16 எம்எம் டியூப். தொறந்து விட்டா மொதப் பத்து செடி சொட்டுது, கடைசி ஆறுக்குப் பொட்டுத் தண்ணி வரல. வீட்டுக்காரர் மத்தியானம் பூரா அதோட மல்லுக்கட்டுனாரு. பெறகுதான் புரிஞ்சுச்சு, டேங்க் 3 மீட்டர் உசரத்துல இருந்தா 0.3 பார் பிரஷர்தான் கெடைக்கும், இந்த டிரிப்பர், அதான் டியூப்ல சொட்டு விடுற மூக்கு, 1 பார் கேக்குது. வித்த கடைக்காரர் டேங்க் உசரம் எவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம், எனக்கு வருத்தம்தான். டிரிப்பரக் கழட்டிட்டு மைக்ரோ டியூப்ங்கிற மெல்லிசுக் குழாய மட்டும் சொருகி, ஒரே லைன ரெண்டாப் பிரிச்சு தனித்தனி வால்வு வச்சோம். ஒவ்வொண்ணுக்கும் கீழ டம்ளர் வச்சு பத்து நிமிசம் அளந்து பாத்தா கிட்டத்தட்ட சமமா வருது!

மே 9

கருப்பு டியூப் வெயில்ல கெடந்து உள்ள இருக்க தண்ணி கொதிக்குது, அதனால விடியக்காலம் மட்டும்தான் தொறக்குறது. டியூப் முனைல வெள்ளையா உப்பு படியுது, எங்க போர் தண்ணி அப்படி. கழட்டி வினிகர்ல ஊறப் போட்டு ஊதிவிட்டேன். இன்னொண்ணு, ஆர்ஓ கழிவுத் தண்ணிய ரொம்ப நாளா தொட்டி மல்லிக்கு ஊத்திக்கிட்டு இருந்தேன், எல ஓரமெல்லாம் கருகுனதுக்கு அதுதான் காரணம்னு படுது, உப்பு பூராம் அதுலதான சேருது. இனிமே அது வீடு தொடைக்கத்தான். வேப்பஞ்சருகு அள்ளி எல்லாத் தூருக்கும் நாலு விரக்கடை மூடாக்குப் போட்டாச்சு, தண்டுல ஒட்டாம தள்ளிப் போடணும், ஒட்டுனா அழுகல் வரும்.

மே 18

மழை! செரட்டையத் தூக்கிப் பாத்தா பானைல தண்ணி கொறையவே இல்ல. சொன்னபடி மண்ணு இழுக்கல.

மே 26

ஒரு பானை கீறல் விட்டுருச்சு, தண்ணி நிக்கல, மாத்தலாம்னு பக்குவமா நோண்டி எடுத்தேன். வெளிப்பக்கம் பூராம் தலைமுடிய விட மெல்லிசா வெள்ள வேரு, பானைய அணைச்ச மாதிரி ஒட்டிக்கிட்டு வருது. பிச்சு எடுக்க மனசு வரல. அத்தையக் கூப்புட்டுக் காமிச்சேன், குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஒடச்சிராத, அதுபாட்டுக்கு இருக்கட்டும், பக்கத்துல புதுசு ஒண்ணு பொதைச்சிரு"ன்னாங்க. வேரோட அப்படியே எறக்கி வச்சு மண்ணத் தள்ளிட்டேன். நாளைக்கு மறுபடி மானாமதுரை போகணும்.