பண்டிகை விடுமுறையில் அம்மாவோடு வார்டில்

பண்டிகை விடுமுறையிலும் ஆஸ்பத்திரி ஓடிக்கொண்டுதான் இருக்கும். மருந்து நேரத்துக்கு வரும், பிரஷர் பார்ப்பார்கள், அவசரம் என்றால் ஆபரேஷன்கூட நடக்கும். ஆனால் அடுத்து என்ன செய்வது என்று முடிவு சொல்ல வேண்டியவர் லீவில் இருப்பார். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, விடுமுறை முழுக்க வார்டிலேயே கழிந்தபோது இதை நன்றாகவே பார்த்தேன். இதே நிலையில் மாட்டிக்கொள்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஆபரேஷன். பண்டிகை முடிந்து நிதானமாகச் செய்துகொள்ளலாமே என்று சித்தப்பா சொல்லிப் பார்த்தார். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. வயதானவர்களுக்கு இந்த முறிவு வந்தால், வேறு உடல் சிக்கல் எதுவும் தடுக்காதவரை, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் செய்வதுதான் நல்லது, படுத்தே கிடக்கக் கிடக்க நுரையீரலில் சளி சேரும், காலில் ரத்தம் உறையும், படுக்கைப்புண் வரும் என்றார். சரி என்று கையெழுத்துப் போட்டோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

விடுமுறைக்கு முந்தைய நாள் சர்ஜன் கடைசியாக ரவுண்ட்ஸ் வருவார் பாருங்கள், அந்தச் சில நிமிடங்கள்தான் முக்கியம். கேட்க வேண்டியதையெல்லாம் அக்கா முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். ஆபரேஷன் ஆன காலில் எவ்வளவு எடை போடலாம், வலி அதிகமானால் எந்த மருந்து, ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசி எத்தனை நாளைக்கு, நீங்கள் இல்லாதபோது யார் பொறுப்பு. அவர் வாயால் சொன்னால் போதாது, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு அது அன்றைக்கு ராத்திரியே உதவியது, ஏனென்றால் வந்த டியூட்டி டாக்டர் அம்மாவை அதற்கு முன் பார்த்ததே இல்லை, அவர் நம்பியதெல்லாம் அந்த கேஸ் ஷீட்டை மட்டும்தான். பிசியோதெரபி செய்பவரும் லீவு. கிளம்பும் முன் அவரைப் பிடித்து, படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, கட்டிலில் இருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது என்பதையெல்லாம் எங்கள் கையால் செய்து காட்டிக் கற்றுக்கொண்டோம். அப்படியும், சிஸ்டர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அம்மாவை நாங்களாக எழுப்பவில்லை.

எங்களை உண்மையில் ஆட்டிப் பார்த்தது அம்மாவுக்குத் திடீரென வந்த மனக்குழப்பம்தான். ஆபரேஷன் முடிந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்த அம்மா, பண்டிகைக்கு முந்தைய மாலை, சுவரில் யாரோ நிற்கிறார்கள் என்றார், என்னைத் தன் தம்பி என்று நினைத்துத் திட்டினார், கையில் இருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். காலையில் பார்த்தால் பழைய அம்மா. மாலையானால் மறுபடியும். மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று என் தம்பி அழவே ஆரம்பித்துவிட்டான். இதற்கு டெலிரியம் என்று பெயர், இடுப்பு ஆபரேஷனுக்குப் பின் வயதானவர்களுக்கு இது அடிக்கடி வருவதுதான் என்று ராத்திரி டியூட்டி சிஸ்டர் சொன்னார். மறதி நோய் மெதுவாக வரும், இது சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்துவிடும், ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். வலி, தொற்று, நீர் குறைவது, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பது, தூக்கம் கெடுவது, சில மருந்துகள் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். அதனால் விடுமுறை முடியட்டும் என்று விடாமல் டியூட்டி டாக்டரை அப்போதே பார்க்கச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ரத்தம், சிறுநீர் இரண்டும் எடுத்தார்கள், சிறுநீரில் தொற்று இருந்தது, மருந்து தொடங்கினார்கள்.

அந்த சிஸ்டர் சொன்ன இன்னொன்றும் மறக்காது. "கத்துறவங்களை எல்லாரும் கவனிச்சிடுவாங்க சார். பேசாம மயங்கின மாதிரி படுத்திருக்கிறவங்களைத்தான் கவனிக்காம விட்டுடுவோம், அதுவும் இதே குழப்பம்தான்." இது தெரிந்த பிறகு அம்மா அமைதியாக இருந்தாலும் போய்ப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தோம்.

மருந்து தவிர நாங்கள் செய்ததெல்லாம் சின்ன விஷயங்கள். கண்ணாடியையும் காது மெஷினையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டிவிட்டோம். அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கடிகாரம் வைத்தோம். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வர விட்டு, ராத்திரி விளக்கைக் குறைத்தோம். இல்லாத ஆள் நிற்கிறார் என்று சொல்லும்போது வாதாடவில்லை, "நான் இங்கதான் இருக்கேன், இது ஆஸ்பத்திரி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னோம். இதில் மருந்து எவ்வளவு வேலை செய்தது, கண்ணாடி எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் இதையெல்லாம் கெடுக்கத்தான் விடுமுறையில் உறவினர்கள் கூட்டமாக வருகிறார்கள்! லீவுதானே, ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாலை நேரமாகப் பார்த்துக் கிளம்புவார்கள், அம்மாவுக்குக் குழப்பம் ஏறும் நேரமும் அதுதான். கட்டிலைச் சுற்றி நின்று ஆளுக்கொரு பேச்சு, "என்னை யாருன்னு தெரியுதா?" என்று பரீட்சை வேறு. நான் வார்டு வாசலிலேயே நின்றுகொண்டு, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், அதுவும் காலையில், சளி இருமல் இருப்பவர்கள் போன் போதும் என்று சொல்லிவிட்டேன். சிலருக்குக் கோபம்தான், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவே, "நல்ல நாளதுவுமா ஒருத்தரும் என்னைப் பார்க்க வரலை" என்று குறைப்பட்டுக்கொண்டது தனிக்கதை.

பண்டிகை அன்று நாங்கள் மூவரும் முறை போட்டுக்கொண்டோம். ராத்திரி விழித்தவர் பகலில் கட்டாயம் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும், அங்கேயே உட்கார்ந்து தியாகம் செய்யக் கூடாது என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். வார்டில் அன்று ஒரு மாதிரி கனமாகத்தான் இருந்தது, வேறு என்ன சொல்ல. பக்கத்துக் கட்டில்காரரின் மகன் சார்ஜர் கேட்டு வந்து, அப்புறம் ரொம்ப நேரம் எங்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

விடுமுறை முடிந்த முதல் வேலை நாளில் வார்டில் பாதிப் பேருக்கு ஒரே நேரத்தில் டிஸ்சார்ஜ், எல்லாரும் பில் கவுன்ட்டரில். நாங்கள் வாக்கரையும் கழிவறைக்கு உயரமான இருக்கையையும் தையல் பிரிக்கும் தேதியையும் முந்தைய நாளே ஏற்பாடு செய்திருந்ததால், எங்களுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் பாக்கி. அது சாயங்காலம் வந்தது, அதிலும் ஒரு மாத்திரையின் அளவு தப்பாக இருந்து, திருத்தி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினோம்.